எங்கட ஏணி

வாங்கோ தங்கச்சி, வாங்கோ. பூட்ஸை அதிலயே கழட்டுங்கோ. ஐயோ, அந்தக் கதிரையில இருக்காதேங்கோ, அதுக்கு மேலதான் சொட்டுது. இஞ்சால ஹீற்றருக்குக் கிட்ட வந்து இருங்கோ. ஓம், கீழ சட்டி வைச்சிருக்கிறது அதுக்குத்தான். சொல்லுறன், அந்தக் கதையும் இதுக்குள்ளதான் வருகுது.

கலியாணம் பேசிவிட்ட பரமேஸ் நேற்றே போன் எடுத்துச் சொல்லிப்போட்டா. ரொறன்ரோவில இருந்து பக்கத்து வீட்டுக்குப் பொம்பிளை பார்க்க வருகினம், மாப்பிள்ளையின்ர சித்தி முதல் உங்களிட்ட வந்து ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுத்தான் அங்க காலை வைப்பா எண்டு. நல்ல பழக்கம். இந்தக் காலத்தில ஆர் அயலட்டையில விசாரிக்கினம்? படத்தைப் பார்க்கிறது, பல்லைக் காட்டுறது, மண்டபத்துக்குக் காசு கட்டுறது. பிறகு கிடந்து அழுறது. மற்ற ஆக்கள் எங்க நிக்கினம்? கோப்பிக் கடையிலயோ. நீங்கள் போன் எடுத்துச் சொன்னால்தான் வருவினமோ. அதுதான் புத்தி. தம்பியும் வந்திருக்கிறாரோ? இருக்கட்டும், இருக்கட்டும், பொறுமையாய் இருந்து கோப்பியைக் குடிக்கட்டும்.

நான் ஒருத்தரைப் பற்றியும் குறை சொல்லுற ஆள் இல்லைத் தங்கச்சி. அதை முதலே சொல்லிப்போடுறன். ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய்து வைக்க வேணும் எண்டு ஊரில சொல்லுவினம். எனக்கு ஒரு பொய்யும் வராது. அதுதான் என்னில உள்ள குறை.

போன ஆவணியில மொன்றியலில இருந்து ஒரு நல்ல இடம் இந்தப் பக்கத்து வீட்டுப் பெட்டைக்கு வந்தது. அவையும் என்னட்டத்தான் கேட்டவை. நான் நல்லாத்தான் சொன்னனான். ஏனோ அவை பிறகு வரேல்லை.

பெட்டை நல்ல பெட்டை. சாம்பவி. பல் வைத்தியரிட்ட வேலை செய்யிறாள். கறுப்பு எண்டு சொல்லேலாது, பொதுநிறம். வயசு இருபத்தெட்டு எண்டோ சொன்னவை? அவை சொன்னால் சரி, அவள் பிறந்த நேரம் நான் பக்கத்தில நிக்கேல்லைத்தானே. தாய் கமலாசினி பாண் போடுற பக்ரறியில நிக்கிறா, வாயில்லாத மனுசி. தகப்பன் சிவபாதத்துக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காது, கதையும் இல்லை. இந்தா, இந்தச் சுவருக்கு அங்காலப் பக்கம்தான் அந்தாள் கிடக்கிற அறை. மெல்லக் கதையுங்கோ. கதை இல்லாட்டிலும் காது நல்லாக் கேக்கும்.

ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு. அதால எல்லாம் இந்தப் பெட்டைதான். குப்பை வைக்கிறது அவள், கார் ரயர் மாத்துறது அவள், ஸ்னோ தள்ளுறது அவள். ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் நல்லமோ? நாளைக்குக் கட்டுறவனையும் உப்பிடித்தான் விரட்டுவாள் எண்டு நான் சொல்லேல்லை. அடக்கமாய் இருக்கிறதுக்கு அவளுக்கு வீட்டில ஒருதரும் காட்டிக் குடுக்கேல்லை எண்டு மட்டும்தான் சொல்லுறன்.

இல்லை, கோவம் ஒண்டும் இல்லை. என்ன கோவம்? நடந்ததைச் சொல்லுறன், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ.

இது செமி வீடு. உங்களுக்குத் தெரியும்தானே, வெளியால பார்த்தால் ஒரே வீடு, நடுவில ஒரு சுவர், அங்கால அவை, இஞ்சால நாங்கள். கூரை ஒண்டுதான். ஆரின்ர கூரை எங்க முடியுது எண்டு மேல கோடு போட்டிருக்கோ? இல்லை. அதுதான் எல்லாக் கரைச்சலுக்கும் காரணம். நீங்கள் வீடு வாங்கினால் தனி வீடாய்ப் பார்த்து வாங்குங்கோ.

இந்த ஒட்டாவா ஸ்னோவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ரொறன்ரோவில விழுறது மா அரிச்ச மாதிரி. இஞ்ச விழுறது மூட்டையோட கொட்டுறது. போன வருசம் தை மாசம் முழுக்க விட்டு விட்டுக் கொட்டி, கூரையில என்ர இடுப்பளவுக்கு நிண்டது. நிண்டால் நிக்கட்டும், வெயில் வர உருகும் எண்டு நான் விட்டிட்டன். ஆனால் பக்கத்து வீட்டுப் பெட்டைக்கு விளக்கம் கூடித்தானே.

என்னவாம் எண்டால், வீட்டுச் சூடு மேல போய் அந்த ஸ்னோவை அடியால உருக்குமாம். உருகின தண்ணி வழிஞ்சு கூரை விளிம்புக்கு வரேக்க, அங்க சூடு இல்லாததால திரும்ப ஐஸாய் இறுகுமாம். இறுகி இறுகி விளிம்பில வயல் வரம்பு மாதிரி எழும்பி நிக்குமாம். பிறகு வாற தண்ணிக்குப் போக வழியில்லை. தேங்கி நிண்டு, கூரைத் தகட்டுக்கு அடியால பூந்து, வீட்டுக்குள்ள சொட்டுமாம். இதெல்லாம் அவள் எனக்கு வாசலில நிண்டு வகுப்பு எடுத்தது. நான் கேட்டனானோ? கேக்கேல்லை.

சரி, உன்ர வீட்டுக் கூரையை நீ வழிச்சுக்கொள்ளன். வழிச்சவள்தான். ஏறி நிண்டு தன்ர பக்கம் முழுக்க வழிச்சுக் கொட்டினாள். அப்பவும் தகப்பன் படுத்திருக்கிற கட்டிலுக்கு மேல சொட்டினதாம். அந்தாளுக்குத் தள்ளிப் படுக்க ஏலாது, கூப்பிட்டுச் சொல்லவும் ஏலாது, தாய் வேலையால வந்து பார்க்கேக்க போர்வை ஊறி நடுங்கிக்கொண்டு கிடந்ததாம். நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வைச்சிருந்து கூட்டிக்கொண்டு வந்தவை. பாவம்தான். நான் ஒரு பாவத்தையும் இல்லை எண்டு சொல்லேல்லை.

ஆனால் பிறகு என்ன சொன்னாள் தெரியுமோ? தண்ணி தங்கட பக்கத்தால வரேல்லையாம், எங்கட பக்கத்தால வருகுதாம். எங்கட சாமி அறையாலயாம்.

அந்தச் சாமி அறையைப் பாருங்கோவன். இந்தா, சுவரோட ஒட்டி. சின்ன அறைதான். இருபத்தினாலு மணித்தியாலமும் விளக்கு எரியும், நான் ஒருநாளும் அணைய விட்டதில்லை. முருகனுக்குக் குளிரக்கூடாது எண்டு ஒரு குட்டி ஹீற்றரும் வைச்சிருக்கிறன். சிரிக்காதேங்கோ தங்கச்சி. நாங்கள் ஹீற்றர் போட்டுக்கொண்டு படுக்கிறம், அவர் வெறும் மேலோட ஒரு கோவணத்தோட நிக்கிறார். நானே தாயாய்ப் பார்க்காட்டி ஆர் பார்க்கிறது?

முந்திச் சாம்பிராணி போட்டால் உடன அந்தப் புகைக்குக் கத்துற மணி கத்தத் தொடங்கீடும். ஒருக்கா தீயணைப்பு வண்டியே வந்து, பூட்ஸ் காலோட நாலு பேர் சாமி அறைக்குள்ள நிண்டவங்கள். அதுக்குப் பிறகு நான் என்ர மனுசனைக் கொண்டு சீலிங்கில ஒரு ஓட்டை போடுவிச்சனான். ஒரு தேங்காய் போற அளவு ஓட்டை, அவ்வளவுதான். புகை நேர மேல போயிடும். ஒரு கரைச்சலும் இல்லை. வாற ஆக்களும் நல்ல யோசினை எண்டுதான் சொல்லுவினம். இந்தத் தெருவில இன்னும் இரண்டு தமிழ் வீட்டில அதைப் பார்த்துப் போட்டவை.

இவள் ஒருநாள் வந்து, அந்த ஓட்டையை நிமிந்து பார்த்துப்போட்டு, "அன்ரி, இதாலதான் எல்லாச் சூடும் மேல போகுது. இதை மூடுங்கோ. உங்கட பக்கம்தான் ஐஸ் கூடப் பிடிச்சிருக்கு, அந்தத் தண்ணிதான் சுவரோரமாய் அப்பாவின்ர அறைக்கு வருகுது" எண்டாள். கெஞ்சித்தான் கேட்டவள், கை எடுத்துக் கும்பிட்டவள் எண்டும் சொல்லலாம். ஆனால் கும்பிட்டுக்கொண்டு கேட்டாலும் கேக்கிறது என்ன? சாமி அறையை மூடச் சொல்லிக் கேக்கிறாள். "பிள்ளை, உங்கட அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது இந்த ஓட்டை போட முதலோ பிறகோ?" எண்டு கேட்டன். முதல் எண்டாள். "அப்ப ஓட்டையில பழியைப் போடாதை" எண்டன். 

எங்கட இவர் இருக்கிறாரே, அவருக்கு ஆரும் கண்ணைக் கசக்கினால் போதும். எனக்குத் தெரியாமல் அவளைக் கூப்பிட்டு, "நீ எங்கட பக்கத்தையும் ஏறி வழி பிள்ளை, இந்தா ஏணி" எண்டு எங்கட ஏணியைக் குடுத்திட்டார். அவையின்ர ஏணி உடைஞ்சு போச்சுதாம். நல்ல அலுமினிய ஏணி தங்கச்சி, இவர் மலிவு விற்பனையில வரிசையில நிண்டு வாங்கினது. பாவம் பார்க்கப் போனால் பழி வந்து சேரும் எண்டு சும்மாவோ சொன்னவை?

அவள் ஏறின நாள் எது தெரியுமோ? தைப்பூசம். வேற நாள் கிடைக்கேல்லை. அண்டைக்குத்தான் வேலையில லீவாம், அடுத்த நாள் இன்னும் ஸ்னோ வருகுதாம், தகப்பன் ஆஸ்பத்திரியால வந்து இரண்டு நாளாம். எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் அவளிட்ட.

நான் விரதம். விடியத் தோய்ஞ்சு, பால் காய்ச்சி, முருகனுக்கு அபிசேகத்துக்கு எல்லாம் எடுத்து வைச்சிட்டு இருக்கிறன். இவர் வாழைப்பழம் வாங்கப் போயிட்டார். திடீரெண்டு தலைக்கு மேல தடார் தடார் எண்டு சத்தம். சாமி அறைக்கு நேர மேல. சீலிங்கில இருந்து தூசி விழுந்து முருகன்ர தலையில படுது. நீங்கள் ஒரு பொம்பிளை, உங்களுக்குச் சொல்லுறன். சாமிக்கு மேல காலை வைச்சு நடக்கலாமோ? அதுகும் ஒரு குமர்ப்பிள்ளை? அண்டைக்கு அவள் சுத்தமோ துடக்கோ ஆருக்குத் தெரியும்? நான் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும்.

வெளியில போய்ப் பார்த்தன். மேல நிண்டு சவளால ஐஸைக் கொத்துறாள். "இறங்கு பிள்ளை, நான் பூசை தொடங்கப் போறன்" எண்டன். "அன்ரி, ஒரு ஐஞ்சு நிமிசம், இந்த மூலையிலதான் கூட இறுகிப்போயிருக்கு, இதை விட்டால் இரவைக்குத் திரும்ப அப்பாவுக்கு மேல சொட்டும்" எண்டாள். எண்டுபோட்டு என்னைத் திரும்பியும் பார்க்காமல் கொத்துறாள். நான் கீழ நிக்கிறன், அவள் மேல நிண்டு எனக்கு மறுமொழி சொல்லுறாள்.

சரி எண்டு நான் ஏணியை எடுத்தன்.

எடுக்காமல்? அது எங்கட ஏணி. தெருவில போற வாறவன் கண்டால் என்ன நினைப்பான், தைப்பூசத்தண்டைக்கு வீட்டு வாசலில ஏணி சாத்திக் கிடக்கு எண்டு. இழுத்துக்கொண்டு போய்க் கராஜுக்குள்ள வைச்சன். அதில கொழுவிக்கிடந்த அவளின்ர ஜாக்கெற்றும் கூட வந்திட்டுது. வேலை செய்யேக்க வேர்க்குது எண்டு கழட்டிக் கொழுவினவளாம். அந்த ஜாக்கெற்றை நான் எறியேல்லை தங்கச்சி. உதறி, வடிவாய் மடிச்சு, ஒரு மேசையில வைச்சனான். அதின்ர பொக்கற்றுக்குள்ள போன் கிடந்ததெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

உள்ளுக்கு வந்து தேவாரத்தை உரத்துப் போட்டிட்டுப் பூசையைத் தொடங்கினன். மேல சத்தம் நிண்டிட்டுது. சரி, பிள்ளைக்குப் புத்தி வந்திட்டுது எண்டு நினைச்சன்.

பிறகு கூப்பிட்டாளாம். "அன்ரி, அன்ரி, ஏணியை வையுங்கோ" எண்டு தொண்டை கிழியக் கத்தினாளாம். எனக்குக் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் நான் அபிசேகத்துக்குப் பாலைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறன், பாதியில எழும்பலாமோ? எங்கட ஆக்களுக்கு எல்லாம் தெரியும், பூசையில நடுவில எழும்பக் கூடாது எண்டு. வேலை நாள், கமலாசினியும் பக்ரறியில, தெருவில ஒரு குருவியும் இல்லை. முன் வீட்டு வெள்ளையள் புளோரிடாவுக்குப் போயிட்டுதுகள்.

அதுக்குள்ள இந்தச் சுவரில டொக், டொக் எண்டு சத்தம். சிவபாதம் தட்டுறார். விளங்குற கையால. கதை வராதெண்டால் தட்டத் தெரியுது பாருங்கோ. விடாமல் தட்டுறார், அபிசேகம் முழுக்கத் தட்டுறார். எனக்கு மந்திரம் குழம்புது. என்ன மரியாதை இது? வருத்தக்காரன் எண்டால் அயலுக்கு ஒரு அடக்க ஒடுக்கம் வேண்டாமோ? கடைசியில எனக்கு ஏலாமல் போய், நானும் சாமி அறை மணியின்ர பிடியால இரண்டு தட்டுத் திருப்பித் தட்டினன். அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் இன்னும் பலமாய்த் தட்டினவர். பிறகு நிண்டிட்டுது.

ஏன் தங்கச்சி முகம் ஒரு மாதிரிப் போச்சுது? குளிருதோ? ஹீற்றரைக் கூட்டி விடட்டோ?

சரி, மிச்சத்தைக் கேளுங்கோ. அவளுக்கு மேல நிண்டு கை கால் விறைச்சுப் போச்சுதாம். இனி நிண்டால் செத்துப்போவன் எண்டு நினைச்சு, குதிச்சிருக்கிறாள். கூரை ஒரு உயரமும் இல்லை, ஒற்றைத் தட்டு வீடுதானே. கீழ ஸ்னோ குவிஞ்சு மெத்தை மாதிரிக் கிடக்குதெண்டு நினைச்சுத்தான் குதிச்சவள். அதுக்குள்ள அவளே கொத்தித் தள்ளின ஐஸ் கட்டியள் கிடந்தது. தானே கொத்திப் போட்ட ஐஸில தானே போய் விழுந்தால் அதுக்கு ஆர் பொறுப்பு? வலது குதிக்கால் எலும்பு நொருங்கிப் போச்சு.

இவர் வாழைப்பழத்தோட வரேக்க, அவள் ஸ்னோவுக்குள்ளால அரைஞ்சு தவண்டு தங்கட வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவளாம். உதடெல்லாம் நீலமாம். இவர் வாழைப்பழத்தை அப்பிடியே ஸ்னோவுக்குள்ள எறிஞ்சுபோட்டு அவளைத் தூக்கி ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நான் உள்ளுக்குப் பழம் வருமெண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறன். கடைசியில பழம் இல்லாமல்தான் அண்டைக்கு நைவேத்தியம் வைச்சது. அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கு.

ஆணி வைச்சுத் தைச்சு, மாசக் கணக்காய்க் கட்டோட கிடந்தாள். நிண்டு செய்யிற வேலை எண்டதால முந்தின இடத்தில நிப்பாட்டிப்போட்டினம், இப்ப வேற இடம். ஊர்ச் சனம் எல்லாம் கேஸ் போடு, கேஸ் போடு எண்டு அவளுக்குச் சொன்னதுகளாம். அவள் போடேல்லை. "மாமாவின்ர முகத்துக்காக விடுறன்" எண்டாளாம், எங்கட இவரைச் சொல்லுறாள். நான் கேக்கிறன் தங்கச்சி, தன்னில பிழை இல்லாட்டி ஒரு ஆள் கேஸ் போடாமல் விடுவாளோ? நீங்களே யோசியுங்கோ.

இவரும் அண்டையிலயிருந்து என்னோட கதை குறைவு. வயசு போகப் போக ஆம்பிளையள் அப்பிடித்தான், காதும் மந்தம், வாயும் மந்தம். ஆனால் நெடுக அங்க போய்ச் சிவபாதத்துக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுவார். அங்க வாய் வேலை செய்யும். இண்டைக்கும் காலமையில இருந்து அங்கதான் நிக்கிறார், உங்கட ஆக்கள் வருகினம் எண்டு கதிரை அடுக்குறாராம்.

எங்கட இவர் போன வருசம் அவளை ஆஸ்பத்திரியில விட்டிட்டு வந்த கையோட அந்த ஓட்டையைப் பலகை வைச்சு அடிச்சு மூடினவர். ஒரு வார்த்தை என்னைக் கேக்கேல்லை. நான் வருசப் பிறப்புக்கு வந்த மருமகனைக் கொண்டு திரும்பத் திறப்பிச்சுப்போட்டன். பிறகு பார்த்தால் இந்த வருசம் எங்களுக்கும் சொட்டுது. அவளின்ர நாவூறுதான், வேற என்ன? அவளால இப்ப மேல ஏற ஏலாது. நிலத்தில நிண்டு நீளத்தடியில பலகை பூட்டின ஒரு சாமானால விளிம்பை மட்டும் இழுத்து விடுறாள். எங்கட பக்கத்தையும் சேர்த்துத்தான் இழுக்கிறவள். நான் ஒண்டும் சொல்லேல்லை, செய்யட்டும். தகப்பனுக்கு நனையுமெண்ட பயம், எங்களில உள்ள பாசத்திலயோ செய்யிறாள்?

நான் இதெல்லாம் சொல்லுறது ஒரு விசயத்துக்காகத்தான். அவள் கொஞ்சம் நொண்டுவாள். ஓம், நொண்டுவாள். அவை உங்களுக்குச் சொல்லேல்லையோ? நினைச்சனான். வீட்டில சப்பாத்துக்குள்ள ஏதோ வைச்சு நடக்கிறவள், சடாரெண்டு பார்த்தால் தெரியாது. நீங்கள் போகேக்க முதலே சோபாவில இருத்தி வைச்சிருப்பினம். சீலையும் கட்டியிருப்பாள். தேத்தண்ணி தாய்தான் கொண்டு வருவா, பாருங்கோ. குதிக்கால் தானே எண்டு நினைப்பியள். பிள்ளை வயித்தில வந்து பாரம் கூடினால் அந்தக் கால் தாங்குமோ? நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதுதான் சொல்லுறன்.

பாவம் எண்டுறியள். நானும் பாவம் எண்டுதான் சொல்லுறன்.

பொறுங்கோ, பெல் அடிக்குது. ஆர் இந்த நேரத்தில?

அட. வா பிள்ளை, வா. தங்கச்சி, நல்ல வேளை பாருங்கோ, இவள்தான். சீலை உடுத்து, அதுக்கு மேல ஜாக்கெற்றும் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறாள். என்ன பிள்ளை? காரோ? வெளியில நிக்கிற கறுப்புக் கார் ஆரின்ர எண்டோ? இந்த அன்ரியின்ரதான். ஏன்? கூரை விளிம்பில பெரிய ஐஸ் தொங்குதோ. இண்டைக்கு வெயிலுக்கு விழுமோ. விழுந்தால் கண்ணாடி போயிடும், ஆள் நிண்டால் தலையில விழும், தள்ளி விடச் சொல்லுறியோ. அது எங்கட சாமி அறைப் பக்கத்து ஐஸ்தானே. சரி, சரி. சொல்லத்தான் வேணும்.

ஏன் வாசலில நிக்கிறாய்? உள்ளுக்கு வா. நேரமில்லையோ? ஒரு நிமிசம் வந்திட்டுப் போ. இல்லை, சப்பாத்தோட வராதை, சாமி அறை இருக்கிற வீடு. பூட்ஸைக் கழட்டு. அந்தச் சொக்ஸையும் கழட்டு, ஈரம். ஆ, இப்ப வா. இஞ்ச, இந்த அன்ரியிட்ட வந்து நீயே காரைப் பற்றிச் சொல்லு. உனக்கு இவவைத் தெரியாது என்ன? இவதான் மாப்பிள்ளையின்ர சித்தி. ஏன் நிண்டிட்டாய்? நட பிள்ளை. சுவரைப் பிடிக்காதை, பெயின்ற் புதுசு. கையை எடுத்திட்டு மெல்ல நட. நீலச் சீலை வடிவாய்த்தான் இருக்கு உனக்கு. இன்னும் கொஞ்சம் கிட்ட வா.

சரி. சொல்லியாச்சுத்தானே. இனிப் போ, அம்மா தேடுவா.

பார்த்தியளோ தங்கச்சி? நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே உங்கட கண்ணால பார்த்தியள்.

என்ன, போன் எடுக்கப் போறியளோ? எடுங்கோ, எடுங்கோ. இதில இருந்தே கதையுங்கோ. அவளோ? அவளுக்குப் பூட்ஸ் போட நேரம் எடுக்கும், அந்தக் கால் உள்ளுக்குப் போகாது. அவள் போகுமட்டும் காத்திருந்தால் உங்கட ஆக்கள் இரண்டாம் கோப்பியும் குடிச்சு முடிச்சிடுவினம். கேட்டால் கேக்கட்டும், ஒளிச்சுக் கதைக்கிற பழக்கம் இந்த வீட்டில இல்லை.

கதவை இழுத்துச் சாத்திப்போட்டுப் போ சாம்பவி, குளிர் வருகுது.

உங்கட அக்கா, மாப்பிள்ளையின்ர தாய், என்ன சொன்னவ? அப்பிடியே திரும்பி ரொறன்ரோவுக்குப் போவம் எண்டவவோ. தம்பி என்னவாம்? போனைத் தம்பியிட்டக் குடுக்கேல்லையோ. அதுகும் சரிதான், பொடியங்களைக் கேட்டால் பாவம் புண்ணியம் எண்டு தொடங்கீடுவாங்கள். நீங்கள் அழாதேங்கோ. உங்களுக்கு இளகின மனம். நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை, கண்ணால கண்டதைச் சொன்னனியள்.

அவைக்கு ஆர் சொல்லுறது எண்டோ யோசிக்கிறியள்? அவள் கேட்டிருப்பாள்தான். எண்டாலும் தாய் தகப்பனுக்கு முறையாய்ச் சொல்ல வேணும், போனில சொல்லுறது மரியாதை இல்லை. நீங்கள் மெனக்கெட வேண்டாம், நீங்கள் காரை எடுத்துக்கொண்டு பத்திரமாய்ப் போங்கோ. நான் இந்தா, ஒரு நல்ல சீலையை உடுத்துக்கொண்டு போறன். கமலாசினியையும் அந்தப் பெட்டையையும் சிவபாதத்தின்ர கட்டிலுக்குப் பக்கத்தில இருத்தி, என்ன காரணம், ஏன் சரிவரேல்லை எண்டு ஒவ்வொண்டாய் எடுத்துப் பக்குவமாய்ச் சொல்லுவன். அயலுக்கு இதைக்கூடச் செய்யாட்டி நாங்கள் என்ன மனிசர்.